பெண் பார்க்கப் போன துப்பாக்கி

இடுப்பில் துப்பாக்கி செருகியிருப்பவனால் கம்பீரமாக நிற்க முடியும், நடக்க முடியும். உட்கார மட்டும் முடியாது. சினிமாவில் யாரும் இதைக் காட்டுவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தால் குழல் தொடையைக் குத்தும், பிடி விலாவைக் குத்தும், முகம் மூலவியாதிக்காரன் முகம் மாதிரி ஆகிவிடும். தொண்ணூறுகளின் நடுவில், மெட்ராஸ் மெல்லச் சென்னையாகிக்கொண்டிருந்த நாட்களில், அப்படியொரு முகத்தோடுதான் நான் பெண் பார்க்கப் போனேன்.

எங்களுக்குத் தி. நகரில் ஒரு சின்ன நகைக்கடை. (பெரிய கடைகளுக்கு நடுவே, இரண்டு பெரிய மனிதர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட பஸ் பயணி மாதிரி நிற்கும்.) பக்கத்துக் கடைக்காரரிடம் யாரோ பையைப் பறித்துக்கொண்டு ஓட, அப்பா பயந்துபோய்த் துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போட்டார். அவருக்குக் கை நடுக்கம் இருந்ததால் என் பெயரில். விசாரணை, அலைச்சல் எல்லாம் முடிந்து என் கைக்கு ஒரு குட்டி லைசென்ஸ் புத்தகமும் ஒரு ரிவால்வரும் வந்தன.

அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டி நகைப்பெட்டியோடு மயிலாப்பூர் வீட்டுக்கு வரும்போது, மாட வீதியில் கீரை விற்கிற அம்மாளைக்கூடச் சந்தேகத்தோடு பார்ப்பேன். குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு ஒரே ஒரு முறை போனேன். ஏன் மறுபடி போகவில்லை என்பதைப் பின்னால் ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டிவந்தது, அப்போது உங்களுக்கும் தெரியும்.

அந்த லைசென்சில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது என் போட்டோவை. போட்டோவுக்குக் கீழே பொடி எழுத்தில், இது தமிழ்நாடு மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும் என்று போட்டிருந்தது. போட்டோவில் நான் அவ்வளவு அழகாக இருந்ததால் என் கண் கீழே இறங்கவே இல்லை.

பெண் வீடு சூளூர்ப்பேட்டையில். தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் ஆந்திராவில் முதலில் தடா என்கிற ஊர், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூளூர்ப்பேட்டை. பெண்ணின் அப்பாவுக்கு அங்கே அரிசி மில். தமிழ்க் குடும்பம்தான், போய் வேரூன்றிவிட்டவர்கள். எனக்கோ எந்த ஜாதகமும் பொருந்தாமல், வந்த வரன்கள் எல்லாம் வந்த வழியே போய்க்கொண்டிருந்தன. இது மட்டும் பொருந்தியது. அதைவிட முக்கியம், அந்தப் போட்டோ. பெயர் சுகந்தி. சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிரிப்பு எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த இடம் அமையாவிட்டால் சாமியாராகிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். (அப்பாவிடம் சொன்னேன். "போ, கடைக்கு வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார்.)

அப்படிப்பட்ட பெண்ணின் முன்னால் வெறும் ஆளாகப் போய் நிற்பதா? பட்டு வேட்டி, அதன் மேல் அகலப் பச்சை பெல்ட், பெல்ட்டுக்குள் ரிவால்வர், எல்லாவற்றையும் மறைக்கத் தொளதொள ஜிப்பா. பேச்சுவாக்கில் ஜிப்பாவைச் சற்றே ஒதுக்கினால் போதும், சுகந்தி அசந்துவிடுவாள் என்பது திட்டம். தோட்டாக்களை மட்டும் வீட்டு பீரோவிலேயே வைத்துப் பூட்டினேன். அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்பாசடரில் கிளம்பினோம். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பெண்ணைப் பார்த்தாக வேண்டும். ஓட்டியவர் பக்கிரி, எங்கள் வாடிக்கை டாக்சிக்காரர். வழியெல்லாம் நான் நெளிவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா நைனா, வவுறு கலக்குதா? பொண்ணு பாக்கத்தான போய்க்கினு கீறோம், பரீச்சையா எய்தப் போறே?"

அப்போது ஆந்திராவில் மதுவிலக்கு. தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பாட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லையில் மூங்கில் தடுப்புக்கு முன்னால் எங்களையும் இறக்கினார்கள். ஒரு கான்ஸ்டபிள் டிக்கியைப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் பார்த்தார், கடைசியில் என் இடுப்புப் புடைப்பைப் பார்த்தார். விரலால் தட்டினார். டங் என்றது.

"ஏமய்யா, குவார்ட்டரா, ஹாஃபா?"

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ! டேய், குடிக்கிறியாடா நீ? பொண்ணு வீட்டுக்குப் போற அன்னிக்கா?"

இங்கேதான் நான் அழிந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம், தனியாக அழைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். பெற்றவள் முன்னால் குடிகாரன் பட்டமா என்று ரோஷம் வந்துவிட்டது. ஜிப்பாவைத் தூக்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "பாட்டில் இல்ல சார், துப்பாக்கி!" என்றேன்.

கான்ஸ்டபிள் பின்னால் குதித்தார். லாரிக்காரர்கள் லாரிக்குப் பின்னால் போனார்கள். அம்மா மட்டும் பெருமூச்சு விட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்: "பாத்தீங்களா? எம் புள்ள குடிக்க மாட்டான். துப்பாக்கிதான்!"

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். பாட்டில் பிடித்துப் பிடித்து அலுத்துப்போயிருந்த மனிதர், என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. லைசென்ஸ் புத்தகத்தை வாங்கினார். போட்டோவை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை (எனக்கு அந்த நிலையிலும் சின்ன வருத்தம்), நேராகக் கீழே போனார்.

"இது தமிழ்நாடுக்கு மட்டும்தான் உண்டு. இங்க செல்லாது. எதுக்கு ஆந்திராவுக்குள்ள துப்பாக்கி?"

"பொண்ணு பாக்க" என்றாள் அம்மா.

"பொண்ணு பாக்கவாம்மா, பொண்ணைத் தூக்கவா?"

அப்பா கையைக் கூப்பிவிட்டார். "சார், அவன் முட்டாள் சார். சின்ன வயசுலருந்தே. கேஸ் கீஸ் போட்டுடாதீங்க, கல்யாணம் நின்னுடும்." என்னைப் பற்றி அப்பா அவ்வளவு உருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சப் இன்ஸ்பெக்டர் தடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூங்கிலைத் தாண்டலை. அதனால நீ இன்னும் ஆந்திராவுக்கே வரலைன்னு நெனச்சுக்கறேன். அப்படியே திரும்பிப் போ. இவங்க போகலாம். அது போகக்கூடாது."

"அதை இங்கயே யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போறேன் சார்."

"யார்கிட்ட? லைசென்ஸ் உம் பேர்ல. வேற ஒருத்தன் தொட்டா அவனையும் பிடிப்பேன், குடுத்த உன்னையும் பிடிப்பேன்."

பக்கிரி முன்னால் வந்தார். "எங்கையில குடு நைனா, நா பத்ரமா வச்சிக்கினு இருக்கேன்."

"உனக்கு லைசென்ஸ் இருக்கா?"

"கீது சார். ஹெவியே கீது. லாரிகூட ஓட்டுவேன்."

தமிழ்நாட்டுப் பக்கச் சாவடியில் போய்க் கெஞ்சினோம். "இங்க பூட்டுகூட இல்ல தம்பி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கினு வா" என்றார் ஏட்டையா. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் ஆள் தேடிப் பிடித்து, எழுதி ரசீது வாங்கித் திரும்புவதற்குள் ராகு காலம் வந்து உட்கார்ந்துவிடும். ஆக நிலைமை இதுதான்: துப்பாக்கி என்னை விட்டு இருக்கக்கூடாது, நான் துப்பாக்கியோடு போகக்கூடாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்குக் கல்யாணமாகிவிட்டது, அதனோடு.

"இங்கயே கெட" என்று சொல்லிவிட்டு அப்பாவும் அம்மாவும் காரில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை இல்லாமல் பெண் பார்க்க.

தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். சூளூர்ப்பேட்டையில் இந்நேரம் அப்பா என்ன சொல்லிக்கொண்டிருப்பார்? உண்மையைச் சொன்னால் துரத்துவார்கள். பொய் அவருக்கு வராது. போட்டோவில் அடங்கியிருந்த அந்தச் சிரிப்பு வேறு எவனுக்கோ என்று நினைக்க நினைக்க டீ இறங்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் ஆறுதலாக இருந்தார். "கவலப்படாத வாத்யாரே, நம்மூர்ல பொண்ணா இல்ல? இன்னா ஒண்ணு, இத்த இடுப்புல வச்சினு போனா ஒரு பய குடுக்க மாட்டான்."

எங்கள் அம்பாசடர் திரும்பி வந்தது. பின்னால் மில் வேன் ஒன்று. வேனிலிருந்து முதலில் ஒரு டிபன் கேரியர் இறங்கியது, பிறகு ஜமக்காளம், பிறகு கும்பலாகச் சொந்தக்காரர்கள், மீசையோடு மில் முதலாளி, கடைசியாகச் சுகந்தி. அரக்குப் புடவை. அவள் இன்னும் அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

நடந்தது இது. அப்பா எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார். "துப்பாக்கிக்காரனுக்குப் பொண்ணு இல்ல" என்று மில்காரர் எழுந்துவிட்டாராம். அப்போது உள்ளேயிருந்து சுகந்தி, "பஜ்ஜி போட்டாச்சேப்பா, வீணாப் போகுமே. அவரால வர முடியலன்னா நாம போய்ப் பாத்துட்டு வரலாமே" என்றாளாம்.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்தார்கள். ராகு காலத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்ததால் அவசர அவசரமாகச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் பரிமாறப்பட்டன. தன் கேஸ் ஆயிற்றே என்று சப் இன்ஸ்பெக்டரும் எல்லை தாண்டி வந்து ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். மாநிலம் விட்டு மாநிலம் தொப்பி செல்லாதென்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், பாவம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அம்மா வழக்கம்போல், "பொண்ணு பாடுமா?" என்று கேட்டாள். ஒரு லாரி ஹாரன் அடித்தது. "நல்லா இருக்கு" என்றார் அப்பா.

"தனியாப் பேசணும்னா பேசட்டும்" என்றார் மில்காரர் வேண்டாவெறுப்பாக. ஊரே பார்க்க, நானும் சுகந்தியும் நாலடி தள்ளிப்போய் நின்றோம்.

"சுடத் தெரியுமா?" என்றாள்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. "ஒரே ஒரு தடவை சுட்டேன். என் பலகைல படல. பக்கத்து ஆளோட பலகைல பட்டுது. அவருக்குத்தான் முதல் பரிசு குடுத்தாங்க."

"அப்புறம் எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?"

"உங்ககிட்ட காட்டத்தான்."

"அப்போ காட்டுங்க."

ஜிப்பாவை ஒதுக்கினேன். மத்தியானத்திலிருந்து அந்தப் பாரத்தைச் சுமந்து சுமந்து நொந்திருந்த பெல்ட்டின் கொக்கி, அந்தக் கணத்தில் தன் கடமை முடிந்ததாக எண்ணிப் படக்கென்று விட்டது. ரிவால்வர் வேட்டிக்குள் இறங்கியது. நான் முழங்கால்களை இறுக்கி அதைப் பிடித்தேன். வேட்டி அவிழ்ந்தது, ஒரு கையால் அதைப் பிடித்தேன். இன்னொரு கையைத் துப்பாக்கியை நோக்கி நீட்டினேன்.

"எடுக்கறான்! எடுக்கறான்!" என்று மில்காரர் மகளை நோக்கிப் பாய்ந்தார். சப் இன்ஸ்பெக்டர் வாய் நிறைய சொஜ்ஜியோடு விசில் ஊதப் பார்த்து, சொஜ்ஜியை ஊதினார். சொந்தக்காரர்கள் ஜமக்காளத்தில் குப்புறப் படுத்தார்கள். நான் நகர்ந்தால் துப்பாக்கி விழும், நகராவிட்டால் வேட்டி விழும். இரண்டையும் பிடித்தபடி, மழையில் நனைந்த நாரை போல் ஒடுங்கி நின்றேன். "யோவ் நைனா, ஆடாத, அசையாத!" என்று பக்கிரி எங்கிருந்தோ கத்தினார். (காருக்கு அடியிலிருந்து.)

அப்போது சுகந்தி சிரித்தாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, நெடுஞ்சாலை அதிர, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துத் தன் அப்பாவிடம் திரும்பினாள்.

"பயப்படாதீங்கப்பா. இவரு யாரையும் சுட மாட்டாரு. இவருக்கு இடுப்புல வேட்டியே நிக்கல."

மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொன்னதில் நியாயம் இருப்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "இந்தச் சனியனை முதல்ல ஒப்படைக்கட்டும். அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்றார். மறுநாளே ஒப்படைத்தேன். லைசென்சையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போட்டோவை மட்டும் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.

கல்யாணமான பிறகு முதல் தடவையாக மாமனார் வீட்டில் உட்கார்ந்து, "காபியில சர்க்கரை கம்மி" என்று கொஞ்சம் அதிகாரமாகச் சொன்னேன். சுகந்தி திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க பேச்சு தமிழ்நாட்டுக்குள்ள மட்டும்தான். இங்க செல்லாது" என்றாள். வீடே சிரித்தது. அன்றிலிருந்து அதுவே சட்டம். தடா தாண்டினால் என் மகள்கூட என்னிடம் ஐஸ்கிரீமுக்கு அனுமதி கேட்பதில்லை, நேராகத் தாத்தாவிடம் போய்விடுவாள்.

அதுவாவது பரவாயில்லை, எல்லை தடாவில்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் மயிலாப்பூரில், என் சொந்த வீட்டில், ரசத்தில் உப்பு அதிகம் என்று சொல்லப்போய், எல்லை எங்கள் சமையலறை வாசல்வரை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.