தூசி சாரின் ஆறு கம்ப்யூட்டர்கள்

அதிகாரியம்மா வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. வருகைப் பதிவேட்டிலோ ஒரு பெயர்கூட இல்லை.

ஆளே வராத கணினி மையத்தை மூடிவிட்டு, ஆறு கம்ப்யூட்டரையும் வேறு ஊருக்கு ஏற்றப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. பொறுப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆள் எப்படி வரும்? செருப்பைக் கழற்று, கையைக் கழுவு, பட்டனை வலிக்காமல் தட்டு என்று அவர் போட்ட போட்டில் வந்த நாலு பேரும் ஓடியே போனார்கள். எந்நேரமும் துடைக்கிற துணியோடு திரிகிறவருக்குத் தெரு வைத்த பெயர் ‘தூசி சார்’.

அப்படிக் காத்தும், மத்தியானம் பூட்டிவிட்டுப் பின்வீட்டில் ஒரு தூக்கம் போட்டு வந்தால், கம்ப்யூட்டர் உறையெல்லாம் கோணலாகக் கிடக்கும். பூனை வேலை என்று ஜன்னலுக்கு வலை அடித்தார். கோணல் போகவில்லை.

“பூனைதாங்க. வேற யாரு?” என்று மனைவியும் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரி சொன்ன பிறகு அப்பீல் ஏது?

பேனாவை எடுத்தார். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று நேரம் போட்டு, தெருவில் உள்ள பெயரையெல்லாம் பதிவேட்டில் எழுதித் தள்ளினார். பெயர் இருந்தால் போதுமா, முகம் வேண்டாமா? மச்சினனையும் சலூன்காரரையும் டெய்லரையும் இழுத்துவந்து உட்காரவைத்தார்.

“மாமா, எனக்கு இதுல ஆனா ஆவன்னாகூடத் தெரியாதே!”

“திரையைப் பார்த்து அப்பப்ப தலையை ஆட்டுடா. அது போதும்.”

அதிகாரியம்மா மடிக்கணினியோடு நுழைந்தார். டெய்லர் பழக்க தோஷத்தில் மேசைக்கடியில் மிதியைத் தேடி, ஒயரை மிதித்துப் பிடுங்கினார். ஆறு திரையும் கறுத்தன. மச்சினன் விடாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன பார்க்கறீங்க?”

“எல்லாந்தாங்க.”

சமாளிக்க, “மேடத்துக்கு நாற்காலி போடுங்க!” என்று தூசி சார் கத்தினார். சுழல் நாற்காலியைக் கண்ட சலூன்காரருக்குக் கை சும்மா இருக்குமா? அதிகாரியம்மாவை உட்காரவைத்து, உயரத்தை ஏற்றி, தலையை லேசாக முன்னால் சாய்த்துவிட்டார்.

இந்த லட்சணத்தில் மனைவி வேறு சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். “மணி ரெண்டாகப் போகுது. சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படுங்களேன்.”

“மேடம் வந்திருக்காங்க, இப்பத் தூக்கமா? போடி அந்தப் பக்கம்!”

அதிகாரியம்மா பதிவேட்டைப் புரட்டி, தன் மடிக்கணினியில் இருந்த கணக்கோடு ஒத்துப் பார்த்தார். “இதுல எல்லாரும் காலையில வந்திருக்காங்க. மெஷின் கணக்குப்படி காலையில ஒரு ஈகூட வரலையே!”

தூசி சார் துடைக்கிற துணியை மேசைமேல் வைத்தார். பிறகு உடைந்தே போனார். “நான்தாங்க எழுதினேன். யாருமே வர்றதில்லை. என்னை வேணா வீட்டுக்கு அனுப்புங்க. இந்த ஆறையும் மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க.”

“யாரும் வரலைன்னு யார் சொன்னா? தினமும் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் ஆறும் ஓடியிருக்கு. விண்ணப்பம் போட்டிருக்காங்க, பாடம் படிச்சிருக்காங்க, பரீட்சைகூட எழுதியிருக்காங்க. நாப்பது மையத்துல இதுதான் முதல்!”

“ரெண்டு மணிக்கா? அப்பப் பூட்டியிருக்குமே! நான் தூங்கிட்டு இருப்பேனே!”

“காலிப் பதிவேட்டை நம்பித்தான் அந்தக் கடிதம் போட்டாங்க. இனி மூடறதாவது! இன்னும் நாலு கம்ப்யூட்டருக்கு எழுதப்போறேன். ஆனா ரெண்டு மணிக்கு இதை நடத்தறது யாரு? உத்தரவுல பேர் போடணும்.”

தூசி சார் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தலையை ஆட்டினான்.

வாசலில் வரிசையாகச் செருப்புக் கழலும் சத்தம். குழாயடியில் கைகழுவும் சத்தம். நோட்டும் கையுமாகப் பதினைந்து பெண்கள். முன்னால் நின்ற இஸ்திரிக்காரம்மா தலையை மட்டும் உள்ளே நீட்டி, தூக்கோடு மூலையில் ஒதுங்கியிருந்தவளிடம் கேட்டாள்:

“என்ன டீச்சர், சார் இன்னும் தூங்கப் போகலையா?”