ஆபீஸ் செலவுக்குச் சல்லிக்காசு கிடையாது

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இடது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே நானும் தங்கள் தங்கையும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பதாக நம்பி மேலே எழுதுகிறேன். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் அந்த மூக்குக்கண்ணாடி அறக்கட்டளை சம்பந்தமானது. வசதியில்லாதவர்களுக்குக் கண்ணைச் சோதித்து, நன்கொடைப் பணத்தில் கண்ணாடி செய்து கொடுக்கிறவர்கள். சென்ற முறை வந்தபோது தாங்கள்தான் ஃபாரத்தை என்னிடம் நீட்டி, "கொடுக்கிறது பெரிசில்ல மாப்பிள்ளை, கெட்டிக்காரத்தனமா கொடுக்கணும். கீழே ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல டிக் போடுங்க, நானும் போட்டுட்டேன்" என்றீர்கள். கட்டத்துக்கு எதிரே, 'என் நன்கொடையில் அலுவலகச் செலவுக்கு எதுவும் எடுக்கக் கூடாது' என்று அச்சாகியிருந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, முழிக்கிற முழியை வைத்தே ஆளைப் பிடித்து இறக்கிவிட்டவன் நான். எனக்கு இது சொல்லியா தர வேண்டும்? டிக் போட்டதோடு நிற்காமல், பக்கத்தில் 'சல்லிக்காசு கூட' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

ஏழு வாரம் ஆயிற்று. ஒரு நன்றிக் கடிதம் இல்லை, ரசீது இல்லை. சரி, நம் காதில் நன்றாகப் பூச்சுற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, நேரில் போய் ஒரு கை பார்த்துவிடுவதென்று கிளம்பினேன். டயர் கடை மாடியில் ஒரே அறை. இரண்டு மேஜை, ஒரு ஃபேன், கணக்கும் எழுதி ஃபோனும் எடுக்கிற ஒரு பெண். நான் யாரென்று சொன்னதும் என் ஃபைலை எடுத்துப் புரட்டினாள். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். அப்புறம் லைட்டையும் நிறுத்தினாள். "என்னம்மா, கரண்ட் போச்சா?" என்றேன். "இல்ல சார், ஆபீஸ் செலவு கூடாதுன்னு கோடெல்லாம் போட்டிருக்கீங்க. ஃபேனும் லைட்டும் அதுல வருது. ரசீதுக்கு ஸ்டாம்பும் அதுலதான், அதனாலதான் அனுப்பல. நாற்காலி பழசு, அதுல உக்காரலாம்" என்றாள். சரி, என் காசில் செய்த கண்ணாடி என்ன ஆச்சு என்று கேட்டால், "என் சம்பளமும் அதுலதான் சார் வருது. டீ நேரத்துல பேசுறேன், இருபது நிமிஷம் இருக்கு" என்று வேறு ஃபைலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கோபம் உங்களுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு அந்த இருட்டில் வேர்க்க விறுவிறுக்க இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், மச்சான்.

டீ வந்ததும் ஒரு அலமாரியைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டி. அதில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இதுதான் உங்களோடது. பணம் கட்டின மறுவாரமே வந்தாச்சு. உங்க காசு முழுக்கக் கண்ணாடிக்கே போச்சு சார், ஒரு குறை சொல்ல முடியாது. அதுவா எழுந்து நடந்து போகாது, அவ்வளவுதான்." மற்ற கண்ணாடிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள் இருக்கிறாராம், சம்பளம், பெட்ரோல் எல்லாம் உண்டாம். அவர் கையில் இதையும் கொடுத்தனுப்ப வேண்டியதுதானே என்று கேட்டேன். "அது வேற ஆளுங்க கொடுத்த காசு. ஒருத்தர் டிக்கெட்ல இன்னொருத்தரை ஏத்துவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்து! அந்த அலமாரியில் இருந்ததெல்லாம் கட்டத்தில் டிக் போட்ட கெட்டிக்காரர்களின் கண்ணாடிகள். மூன்று பெட்டியில் உங்க பேர்.

என் பெட்டி மேல் சிவப்பு மையில், 'தையல் வேலை, அவசரம்' என்று எழுதியிருந்தது. துணி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற அம்மா. ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியவில்லை என்று மெஷினிலிருந்து எழுப்பி, பாதிச் சம்பளத்துக்குப் பட்டன் பொறுக்கப் போட்டுவிட்டார்களாம். மாதக் கடைசியோடு அந்த வேலையும் கிடையாதாம். அன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. யாரோ நம் காசை முழுங்கிவிட்டான் என்று ஏழு வாரமாக நான் வீட்டில் கத்திக்கொண்டிருக்க, கண்ணாடி இங்கே என் பிடிவாதத்தால் இருட்டில் கிடந்திருக்கிறது. "கொடும்மா, நானே கொண்டு போறேன்" என்று வாங்கினேன். பை கேட்டேன். பை ஆபீஸ் செலவாம். பெட்டி பாக்கெட்டில் நுழையவில்லை. அதனால் கண்ணாடியை மட்டும் எடுத்து, என் கண்ணாடி இருந்த அதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஸ் போர்டைப் படிக்கக் கண்ணாடியை மாட்டினேன், கலங்கலாகத் தெரிந்ததை ஒருவாறு ஊகித்து ஏறினேன், அது நேரெதிர்ப் பக்கம் போகிற பஸ். பாதி வழியில் பரிசோதகர் ஏறினார், என் பாஸ் போன மாதமே காலாவதியாகியிருக்கிறது, பிடித்தவன் நானே வேலை கற்றுக்கொடுத்த பயல்! "சார், நீங்கதானே சொல்லுவீங்க, அப்பாவா இருந்தாலும் விடாதேன்னு" என்று சொல்லி, அபராதம் போட்டு, மரியாதையாகக் கையைப் பிடித்து இறக்கியும் விட்டான். அங்கேயிருந்து டாக்ஸி. கம்பெனி வாசலில் காவல்காரர் அடையாள அட்டை கேட்டார். அறக்கட்டளையில் வாங்கி வரலாமென்றால், அட்டை அச்சடிப்பதும் ஆபீஸ் செலவு. கெஞ்சிக் கூத்தாடி அந்தம்மாவை வெளியே வரவழைத்து, கண்ணாடியைக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலியே ஐயா, முன்னைக்கு இப்ப மோசமா இருக்கு" என்றார். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. ஃபோனை எடுத்து, மட்டமான கண்ணாடியைக் கொடுத்து ஏழைகளை ஏமாத்துறீங்களா என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்தப் பெண்ணைப் பிடிபிடியென்று பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "சார், நீங்க போட்டிருக்கிறதைக் கழட்டிக் கொடுங்க" என்றாள்.

அசடு வழிய மாற்றிக் கொடுத்தேன். அந்தம்மா ரவிக்கைத் தோளில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார், நூலை எடுத்தார், அங்கேயே நின்றபடி கோர்த்தார். ஒரே தடவை. அப்படியே மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். நாளையிலிருந்து மெஷின் திரும்பக் கிடைத்துவிட்டதாம். நன்றி சொல்வார், 'அதெல்லாம் வேண்டாம்மா' என்று சொல்லலாம் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர், "இதை ரெண்டு மாசம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே ஐயா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தயாராக வைத்திருந்த பதிலோடு டாக்ஸி பிடித்து வீடு வந்து சேர்ந்தேன், மச்சான்.

அதனால் முடிவு பண்ணிட்டேன். மிச்சம் பதினோரு பெட்டி. நாளைக்கு ஒன்று, நாளை மறுநாள் ஒன்று, நானே கொண்டுபோய்க் கொடுக்கிற வரை ஓய மாட்டேன். முழங்கால் போனாலும் சரி, யார் தடுத்தாலும் சரி. இத்துடன் புது ஃபாரம் இணைத்திருக்கிறேன். கட்டத்தைத் தொடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அனுப்பலேன்னா நேர்ல வருவேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறுசுகளுக்கு ஆசி, உங்க இரத்த அழுத்தத்துக்கு என் வருத்தம்.

இப்படிக்கு,
முடிவெடுத்துவிட்ட
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: அண்ணா, இது நான் எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி இதை என் கையில கொடுத்தார், படிச்சேன். திரும்பி வர்றப்ப டாக்ஸியில தன் கண்ணாடி மேலயே உக்காந்து உடைச்சதை எழுதவே இல்ல பாரு. அபராதம், ரெண்டு டாக்ஸி, புதுக் கண்ணாடி, முழங்காலுக்கு மருந்து, இதுல அலமாரி முழுக்கவே வீடு வீடா கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட ஃபோன்ல சொன்னேன். "ஆமா மேடம்"னா. நேத்தே டெலிவரிக்குப் பணம் கட்டிட்டேன். அவங்க ஆள் பதினொண்ணையும் ஒரே மத்தியானத்துல கொடுத்து முடிச்சுட்டார், உன்னோட மூணும் சேர்த்து. உன் ஃபாரத்துலயும் நானே கையெழுத்துப் போட்டுட்டேன், சின்ன வயசுல உன் மார்க் ஷீட்ல அப்பா கையெழுத்தைப் போட்டவதானே நான். இவருக்கு இன்னும் தெரியாது. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருக்கார். நாளைக்குப் போனா அலமாரி காலியா இருக்கும். கவலைப்படாதீங்க மேடம், டிக் போட்டுட்டுச் சண்டைக்கு வர்றவங்ககிட்டப் பேச ஒரு ஆள் வேணும், சாரையே உக்கார வெச்சுக்கறேன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா. சம்பளமும் உண்டாம். அதனால, நீ கொடுக்குற காசை ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்க தின்னுடறாங்கன்னு யாராவது சொன்னா வாதாடாதே அண்ணா. ஆமா, எங்க மாப்பிள்ளைதான்னு சொல்லிடு.