சாயமா, பீடியா?

ஓரிக்கை,
25.8.2002

அன்புள்ள சுகாசினி அக்காவுக்கு,

தம்பி சத்யராஜ் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். என் அப்பாவின், அதாவது உன் சித்தப்பாவின், சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி இருக்கும்போது அப்படி எழுதக் கை வரவில்லை. உன் சுகத்தையாவது கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும்.

மெட்ராஸில் உன் காலேஜ் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. உடம்புக்குள் பி-53 என்றொரு காவல் புரதம், அது டிஎன்ஏவைக் கைபோலப் பிடித்துக்கொண்டு செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கிறது, புற்றுநோயில் பழுது பெரும்பாலும் அந்தப் பிடிக்கிற பகுதியில்தான் விழுகிறது, புகையிலைப் புகை தனக்கென்று சில இடங்களை அதிகம் கெடுக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். புகைக்கு ஓர் இடம் என்றால் சாயத்துக்கும் ஓர் இடம் இருக்கத்தானே வேண்டும்? இருபத்திரண்டு வருஷம் பட்டுநூலை வெறுங்கையால் சாயத்தில் முக்கி எடுத்தவர் அப்பா. படத்தை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்தில் அவர் சாயப்பட்டறை முதலாளி ராஜவேலுவிடம் போனேன், அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்கனா என் பட்டறை பேரு போட்டுக்குதாபா?" என்றார், "பேரு இல்ல, கைரேகை இருக்குது" என்றேன், "உங்கப்பன் பீடி புடிச்சிருப்பான், போய் அவன கேளு" என்றார், நின்றவர்கள் சிரித்தார்கள், நான் நகரவில்லை, கடைசியில் தொல்லை தாங்காமல், "சாயந்தான்னு மெட்ராஸ்லேர்ந்து எழுதி வரட்டும், அந்த சாயத்த அன்னிக்கே நிறுத்திடறேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தால் அப்பா அவருக்கும் மேல். "என் உடம்புல காவலுக்கு நின்னவன் கை விளங்காம பூட்டான்னு தெருத்தெருவா சொல்லிக்கினு வர்றியாடா? பீடி வாசனையே எனக்கு ஆவாது."

நேற்று போனில் நீ, ஒரே ஆளின் கட்டியை வைத்து இன்னதால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாய். அக்கா, அப்படிச் சொல்லச் சொல்லி யாராவது உன்னைப் பார்த்தார்களா? ராஜவேலுவின் மச்சானுக்கு உங்கள் காலேஜ் பக்கம்தான் வீடு என்று கேள்வி. காவல்காரனின் கையை ஒடித்தவன் யார் என்று கூலிக்காரன் கேட்டால் மட்டும் உங்கள் விஞ்ஞானம் ஏன் தொண்டையைச் செருமுகிறது? ஆஸ்பத்திரியில் மெழுகில் வைத்திருக்கும் கட்டித் துண்டைக் கேட்டு வாங்கி அனுப்புகிறேன். பார்த்து எழுது.

பெரியம்மாவுக்கு என் தோத்திரம்.

உன் தம்பி,
சத்யராஜ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "பட்டறை நாத்தம் தாங்காம தினம் ஒரு கட்டு பீடி புடிச்சேன். அதயும் எழுதிடு" என்றார். ஆகவே மேலே உள்ள எதையும் நம்பாதே, துண்டும் வராது. ஆனால் இதையும் எழுதச் சொன்னார்: "பக்கத்து சாயத்தொட்டி குமாரவேலு பீடிய தொட்டதே கெடையாது. ஒரு மாசமா ஒண்ணுக்கு செவப்பாதான் போறான். செவப்பு சாயத்துல நிக்கிறோம், அதான்னு சொல்லிக்கினு இருக்கிறான்." அது ரத்தமாக இருக்கும் என்று பயந்து உடனே போய் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். ஆவணி முகூர்த்தப் பட்டு வேலையாம், லீவு கிடைக்காதாம்.