பரசுராமன் பெற்ற குடிசார் அனுபவம்

கம்பிவடம் இறுகும்போது முதலில் ஒரு முனகல் எழும். பிறகு மெல்லிய கீச்சொலி. அதற்குமேல் ஓர் அங்குலம் இழுத்தாலும் வடம் அறுந்துவிடும். லடாக் பனியில் புதைந்த லாரிகளைக் கிரேனால் தூக்கிய பதினேழு வருஷமும் பரசுராமன் அந்த ஒலியை நம்பித்தான் பிழைத்தார்.

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று சொந்த ஊரான வடக்குப்பட்டுக்குத் திரும்பியவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனி கிரேன் ஓட்டும் வேலை தர முன்வந்தது. மாதக் கடைசிக்குள் உரிமம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ராணுவச் சான்றிதழைக் கொடுத்து உரிமம் பெறலாம் என்று அரசாணை இருந்தது. அரசாணை இருந்ததால் அதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. அலுவலகம் இருந்ததால் கண்காணிப்பாளர் தோத்தாத்ரி இருந்தார்.

"பனியிலே ஓட்டியிருக்கீங்க. ஒரகடத்திலே பனி இல்லையே?" என்றார் அவர்.

"பனி இல்லாத எடத்துல ஓட்றது சுலபந்தான சார்?"

"சுலபம்னு எதிலே எழுதியிருக்கு? இன்னொண்ணு, பதினேழு வருஷமா விபத்தே இல்லேன்னு போட்டிருக்கு. விபத்து நடந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா சார், ஒரு வண்டிய கவுத்துட்டு வரட்டுமா?"

"கோபம் வேண்டாம். ராணுவத்துக்கு வெளியே ஓட்டினதுக்கு, அதாவது குடிசார் அனுபவத்துக்கு, ஒரு அரசு ஆவணம் கொண்டு வாங்க. போதும்."

உரிமம் இல்லாமல் அனுபவம் பெற முடியாது. அனுபவம் இல்லாமல் உரிமம் பெற முடியாது. இந்த ஏற்பாட்டில் குறை ஏதும் இருப்பதாக அலுவலகத்துக்குத் தகவல் இல்லை.

பரசுராமன் வெளியே வந்தார். வடிகாலுக்கு வெட்டிய பள்ளத்தில் அந்த அலுவலகத்து ஜீப்பே சரிந்து கிடந்தது, உள்ளே அதிகாரியோடு. பக்கத்தில் ஒரு கிரேன். அதன் டிரைவர் சுடலைக்கண்ணு எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"லைசென்சு இருக்குண்ணே. தூக்கிப் பழக்கந்தான் இல்ல."

"எறங்குப்பா."

வடம் முனகியது. கீச்சிடத் தொடங்கியதும் பரசுராமன் சற்றே தளர்த்தி, கோணம் மாற்றி, மறுபடி இழுத்தார். ஜீப் குலுங்காமல் மேலே வந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த கூட்டம் கைதட்டி வீடியோ எடுத்தது. அதிகாரி இறங்கினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், பரசுராமனிடம் வந்தார்.

"உங்க லைசென்ஸ்?"

உரிமமின்றிக் கிரேன் இயக்கிய குற்றம் முறைப்படி பதிவாயிற்று.

மறுநாள் தோத்தாத்ரி எழுந்து நின்று கைகுலுக்கினார். "குடிசார் அனுபவத்துக்கு அரசு ஆவணமே வந்துட்டது, பாருங்க! நம்ம அதிகாரியே கையெழுத்துப் போட்டிருக்கார்."

ஆணை அன்றே கிடைத்தது. முதல் பத்தி: கிரேன் இயக்கியது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானதால் உரிமம் வழங்கப்படுகிறது. இரண்டாம் பத்தி: அதை உரிமமின்றி இயக்கியதும் நிரூபணமானதால் மேற்படி உரிமம் ஐந்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது.

"இன்னாங்க, கெடச்சுதா?" என்று வீட்டில் மனைவி கலைமதி கேட்டாள்.

"மொதல் பத்தி வரைக்கும் கெடச்சுது."

ஒரகடத்துக் கம்பெனி கிரேன் வேலைக்குச் சுடலைக்கண்ணுவை எடுத்துக்கொண்டது. வீடியோவை நாம் மூன்று லட்சம் பேர் பார்த்து, வீரருக்கு சல்யூட் பொம்மை போட்டோம். ராணுவச் சான்றிதழை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் வேலை இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். பரசுராமன் அதே கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார்.