முதல் சுற்றுக்கு ஒரு மாலை

தோற்றுத் திரும்புகிறவரை வரவேற்க மாலையோடு விமான நிலையத்துக்குப் போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் செங்கல்பட்டில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் நான் தங்கியிருந்த லாட்ஜில், எனக்கு அடுத்த அறையில் இருந்தார். 'நாக்அவுட்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயருக்கு வந்த ஒரே கடிதத்தை, 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று லாட்ஜ் மேனேஜரே திருப்பி அனுப்பிவிட்டார்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பது அவர் வேலை. ஊரில் அவர் நுழையாத காம்பவுண்டு கிடையாது. உட்காரச் சொன்ன வீடும் கிடையாது. அட்டையில் எண்ணை எழுதிவிட்டு நகர வேண்டியதுதான். அவர் முகத்தை நினைவு வைத்திருந்தவை நாய்கள் மட்டும்.

மீதி நேரமெல்லாம் செஸ். தொண்ணூறுகளின் கடைசியில் நம் நாட்டு ஆட்டக்காரர்கள் நாலைந்து பேராக வெளிநாட்டு நாக்அவுட் போட்டிகளுக்குப் போகத் தொடங்கியதும் அவருக்குப் பித்து முற்றிவிட்டது. மெஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பாடம் நடக்கும்.

"லீக்குன்னா தோத்தாலும் கடைசி வரிக்கும் இருந்து ஆடலாம். நாக்அவுட்டு அப்டி இல்ல. ஒரு ரவுண்டுக்கு ரெண்டே ஆட்டம். தோத்தவன் பொட்டிய கட்டினு கெளம்பணும். நூறு பேரு போனா ஒருத்தன்தான் மிஞ்சுறான். மத்தவன்லாம் எங்க போறான்னு யார்னா கேட்டீங்களா?"

"நீ எங்க போற அண்ணாத்த? எல எடுக்கணும், எந்திரி" என்பார் மெஸ்காரம்மா.

போட்டி நாட்களில் அவர் அறைக்கதவு திறந்தே இருக்கும். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்த காகிதத்தைப் பார்த்து, பலகையில் ஒவ்வொரு மூவாக வைப்பார். அவரேதான் இரண்டு பக்கமும். நம் ஆளுக்கு ஆடும்போது இந்த நாற்காலி. எதிராளிக்கு எழுந்துபோய் அந்த நாற்காலி. அந்த நாற்காலியில் இருக்கும்போது என்னோடு பேசமாட்டார், எதிரி நாட்டுக்காரர் என்பதால். டீயும் நம் நாற்காலிக்கு மட்டும்தான். செங்கல்பட்டில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்; இவர் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக வியர்த்து வழிவார்.

"இன்னா சார் இது?" என்று ஒருமுறை கேட்டேன். நான் திருநெல்வேலிக்காரன். வங்கி வேலைக்காக இந்தப் பக்கம் வந்து ஒரு வருஷத்தில் 'இன்னா' ஒட்டிக்கொண்டது.

"அங்க பனி கொட்டுது சாரே. நம்மாளு குளிர்ல ஆடிகினு இருக்கான். நான் மட்டும் பனியனோட குந்திகினு இருந்தா நல்லாவா கீது?"

நம் நாட்டின் பெரிய ஆட்டக்காரர் கோப்பையோடு வந்தபோது விமான நிலையத்தில் அப்படியொரு கூட்டம். நாக்அவுட் அசையவில்லை. "அவருக்கு ஊரே கீது. நான் எதுக்கு?" என்றார். அவர் போனது மற்றவர்களுக்கு. பத்திரிகையின் விளையாட்டுப் பக்க மூலையில், 'முதல் சுற்றில் வெளியேறினர்' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறவர்களுக்கு. யார், எந்த விமானம் என்று எங்கெங்கோ போன் போட்டு விசாரித்து வைத்திருப்பார்.

ஒருமுறை வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். காலை எலக்ட்ரிக் ட்ரெயின். மடியில், ஈர வாழையிலையில் சுற்றிய சம்பங்கி மாலை. கூடுவாஞ்சேரியில் ஏறிய ஒருவர் மாலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எப்ப எடுக்குறாங்க?"

"ஒம்போதரைக்கு லேண்டிங்கு" என்றார் நாக்அவுட்.

திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தோம். டெல்லி வழியாக வந்த விமானம். எல்லோரும் போன பிறகு, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தள்ளுவண்டியில் ஒற்றைப் பெட்டியோடு வெளியே வந்தார். நாக்அவுட் மாலையை விரித்துக்கொண்டு முன்னால் போனார். அந்த ஆள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"சார், நான் தோத்துட்டு வர்றேன்."

"தெரியும்."

"தெரிஞ்சே மாலையா? கிண்டலா பண்றீங்க?"

கழுத்துக்கு வந்த மாலையை அவர் தட்டிவிட்டார். அது தரையில் விழுந்தது. டாக்ஸிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. நாக்அவுட் குனிந்து மாலையை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"முப்பத்தெட்டாவது மூவ் வரிக்கும் நீங்கதான் ஜெயிச்சிகினு இருந்தீங்க. டைம் இல்லாம முப்பத்தொம்போதுல யானைய மாத்தி வெச்சிட்டீங்க. தோத்தீங்கன்னு பேப்பர்ல போட்டான். முப்பத்தெட்டு மூவ் எப்டி ஆடினீங்கன்னு எவனும் போடல. நான் பாத்தேன். அத்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அந்த மனிதர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஓரங்களில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புகள். பிறகு அப்படியே தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"வூட்லேர்ந்து யாரும் வர்லியா?" என்று நாக்அவுட் கேட்டார்.

"வரவேணாம்னு நான்தான் சொன்னேன்."

அந்த ஆள் பெட்டியைத் திறந்து கையடக்கச் செஸ் பலகையை எடுத்தார். டாக்ஸி வரிசைக்குப் பக்கத்தில், பெட்டியையே மேஜையாக்கி, இருவரும் அந்த முப்பத்தொன்பதாவது மூவைத் திரும்பத் திரும்ப வேறு மாதிரி ஆடிப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம். நாக்அவுட் எழுந்து எழுந்து நாற்காலி மாறாமல் உட்கார்ந்து ஆடியதை நான் அன்றுதான் பார்த்தேன். கிளம்பும்போது அந்த மனிதர் தானாகவே குனிந்து மாலையை எடுத்துத் தூசியைத் தட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் நாக்அவுட் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சின்ன வயசுல நானும் சேலத்துக்கு ஒரு போட்டிக்குப் போனேன் சாரே. அண்ணன் வூட்ல இருந்தேன் அப்போ. மொத ரவுண்டுலயே அவுட்டு. வெக்கமா இருந்துச்சு. மூணு நாளு அங்கயே சுத்திட்டு வூட்டுக்குப் போனா, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

"நல்லதுதானே சார், திட்டாம விட்டாங்களே."

"நான் போனதே அவங்களுக்குத் தெரியல சாரே."



பிறகு எனக்கு மாற்றலாகிவிட்டது. ஏழெட்டு வருஷம் கழித்து அவரை மாமல்லபுரத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். ஓய்வு பெற்று, சிற்பக்கூடம் ஒன்றின் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். நாள் முழுக்க உளிச் சத்தம். "ஆள் நடமாட்டம் இருக்கா மாரி கீது, அதான் இங்க வந்துட்டேன்" என்றார். இப்போது எந்த ஆட்டத்தையும் கம்ப்யூட்டரில் அந்தந்த நிமிஷமே பார்க்கலாம், தன்னைப் போலப் போன் போட்டு விசாரிக்கும் ஆள் இனி யாருக்கும் தேவையில்லை என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தார். ரோட்டோரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். செங்கல்பட்டு பஸ் வந்தது. "கூட்டமா இருக்கு, அடுத்ததுல போறேன்" என்றேன். அடுத்ததும் வந்தது. அதில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. அதையும் விட்டேன்.