ரிஜெக்ட் நைனாவும் பச்சை நாற்காலியும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் நிறைய வரும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் என்று நினைத்து மன்னித்துவிடுங்கள்.

திருவொற்றியூரில் எந்த வங்கி மேனேஜரையும்விட அதிகமான கடன் விண்ணப்பங்களை நிராகரித்தவர் ரிஜெக்ட் நைனாதான். இத்தனைக்கும் அவர் எந்த வங்கியிலும் வேலை பார்த்ததில்லை. துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காலடிப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளத்தில் நஷ்டப்பட்ட சின்னக் கடைக்காரர்களுக்கு நிவாரணக் கடன் பாரம் நிரப்பித் தருவார். காசு வாங்கமாட்டார். ஆனால் முதலில் அவரே மேனேஜராகி நம்மை விசாரிப்பார். தேறினால்தான் பேனா மூடியைத் திறப்பார். தேறாதவன் அவருக்கு டீ வாங்கித் தர வேண்டும்.

எனக்கு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. அந்த வெள்ளத்தில் உள்ளே மார்பளவு தண்ணீர், அதன்மேல் எண்ணெய்ப் படலம். காயில் சுற்றும் மெஷின் போய்விட்டது. கடன் வராவிட்டால் கடையை மூடிவிட்டு இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். பாரம் கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது. அதில் ஐந்து நாளை நைனா தின்றார்.

முதல் நாள், "மன்னிச்சுக்கோங்க சார்" என்று ஆரம்பித்தேன்.

"ரிஜெக்ட். இன்னா தப்பு பண்ண நீ? மன்னிப்பு கேட்டுகினே உள்ள வர்றவனுக்கு எவன்யா கடன் குடுப்பான்?"

இரண்டாம் நாள் குனிந்துகொண்டு பேசினேன். "தரைக்கா கடன் குடுக்கப் போறாங்க? ரிஜெக்ட்."

மூன்றாம் நாள் நன்றாகத்தான் போனது. பாதியில் டிபன் பாக்ஸைத் திறந்தார். "மேனேஜர் சாப்புடப் போயிட்டாரு. அப்பால வா."

"நைனா, நீ இங்கதான குந்தினுகீற."

"நான் கீறேன். அவரு இல்ல" என்று இட்லியைப் பிட்டார்.

அப்பளக் கடை சரசக்கா என்னைவிட மோசமாக மாட்டினார். எத்தனை கட்டு அப்பளம் போனது என்று கேட்டார் நைனா.

"தண்ணி கழுத்துக்கு வந்துகினு கீது, நான் அப்பளத்த எண்ணிகினா இருப்பேன்? பேஜாரு புடிச்ச கெழம்."

"உத்தேசம்லாம் இங்க நடக்காது. ரிஜெக்ட்."

சரசக்கா டீயை அவர் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டுப் போனார். மறுநாள் கட்டுக் கணக்கோடு வந்தார்.

ஆறாம் நாள்தான் என் பாரத்தை நிரப்பினார். கூடவே ஓர் உத்தரவு. "பேங்க் ஆபீசர் வந்து பாக்குற வரிக்கும் கடையில எதயும் தொடாத. சேறுதான் உனக்கு சாட்சி."

கடை நாறியது. பொறுத்துக்கொண்டோம். ஆனால் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் நானும் வீட்டுக்காரியும் கடையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, செத்த மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, வாசலில் கோலமும் போட்டுவிட்டோம்.

காலையில் நைனா வந்து பார்த்தார். ரிஜெக்ட் என்றுகூடச் சொல்லவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் சேத்த அள்ளி செவுத்துல பூசிடட்டா நைனா?"

"பொய்ச் சேறா? என் பாரத்துலயா?"

இந்த மனிதரை என்ன செய்வது சொல்லுங்கள். எனக்குக் கடை போகிறதே என்ற கவலை. அவருக்குப் பாரத்தின் மானம்.

ஆபீசர் வந்தார். "கடை புதுசா இருக்கே. வெள்ளம் எங்க வந்துச்சு?" என்றார்.

அந்த மாதிரி இடத்தில் என் நாக்கு உள்ளே போய்விடும். அன்று போகவில்லை. ஐந்து நாள் பச்சை நாற்காலி முன் நின்றது எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி, "இந்தப் பக்கம் வாங்க சார்" என்றேன். எங்கள் பக்கம் சுண்ணாம்பு அடிக்கும்போது ரேக்கை நகர்த்தமாட்டோம். சுற்றி அடித்துவிட்டுப் போய்விடுவோம். ரேக்கை இழுத்தேன். பின்னால் பழைய சுவரில், என் மார்பு உயரத்தில், கறுப்பு எண்ணெய்க் கோடு. பக்கத்தில் நின்று காட்டினேன். மெஷின் மூடியையும் கழற்றினேன். பொட்டு வைத்த மெஷினுக்குள்ளிருந்து சேறு வழிந்தது.

கடன் வந்தது. அன்று டீ நைனா செலவு. ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கம்மி. ரிஜெக்ட்" என்று கிளாஸைத் திருப்பி அனுப்பினார்.

நைனா போய் இந்த மழையோடு ஒரு வருடம். முதல் வரிகளிலேயே உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர் இருந்தால் அங்கேயே தூக்கிப் போட்டிருப்பார். ரிஜெக்ட் செய்ய ஆளில்லாமல் இதை அனுப்பத்தான் பயமாக இருக்கிறது.

ஐப்பசி, மழை பிடித்த முதல் ஞாயிறு.