எட்டாவது இஸ்மாயில்

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வீட்டில் சைக்கிளோடு வந்து நின்று ஆட்சேபணை சொன்ன தபால்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லால்பேட்டைத் தெருவுக்குத்தான் வாய்த்தார். யாரைப் பார்த்தாலும் "முழுப்பேரு என்ன?" என்பார். அதனால் அவரை 'முழுப்பேர்' என்றே அழைத்தோம்.

அவர் கஷ்டம் அவருக்கு. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அத்தா, அதாவது அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். போதாக்குறைக்கு மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். அறுபதுகளில் ஒரே தெருவில் ஏழு இஸ்மாயில்கள். நால்வருக்கு ஒரே இனிஷியல். முழுப்பேர் உறைமேல் பென்சிலால் அடைமொழி எழுதிவிடுவார்: சுருட்டு இஸ்மாயில், குடை இஸ்மாயில், ரெண்டு பொண்டாட்டி இஸ்மாயில். நான் யூசுப், எதற்கும் பதறுகிறவன்; எனக்கு அவர் வைத்தது 'நடுங்கி'. பினாங்கிலிருந்து என் மச்சானே முகவரியில் 'நடுங்கி யூசுப்' என்று எழுதியபோது எனக்குத் தலை சுற்றியது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மகன் பிறந்தான். என் அத்தா இஸ்மாயில் கண்மூடும்போது, அவர் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஏழாம் நாள், முடி இறக்கியாயிற்று. பள்ளிவாசல் ஹஜரத் குழந்தையின் காதில் பாங்கு சொல்லிவிட்டுப் பெயருக்கு வாயெடுத்தார்.

"நிறுத்துங்க அசரத்து!"

வாசலில் முழுப்பேர். எனக்கு உயிரே போய்விட்டது.

"எட்டாவது இஸ்மாயிலா பாய்? தாங்காது!"

ஹஜரத் கொதித்தார். "வைக்கிற பேரு அல்லாவுக்குத் தெரிஞ்சா போதும்யா."

"அவரு கடுதாசி குடுக்க வர்றதில்லியே. நான்ல வரேன்!"

கூடமே விறைத்துப்போனது. முழுப்பேரின் குரல் இறங்கியது.

"பினாங்குல ஒரு இஸ்மாயில் மௌத்துன்னு போன மாசம் கடுதாசி வந்துச்சு. அத வேற இஸ்மாயில் வூட்ல குடுத்துட்டேன் பாய். ரெண்டு நாளு அந்தம்மா அழுதுச்சு. யாரு அழுவணுமோ, அவுங்க பக்கத்துல ஒக்காந்து ஆறுதல் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

எனக்குக் கை நடுங்கியது. இதை எழுதும்போதும் நடுங்குகிறது.

திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவி பேசினாள். "அந்தண்ணன் சொல்றது சரிதாங்க. மாமா பேர என் வாயால எப்டிக் கூப்புடுவேன்? பெத்த புள்ளய 'ஏய்'னா கூப்புடறது?"

மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒன்பது வருஷத்தில் இந்த யோசனை எனக்கு வரவே இல்லை!

கடைசியில் அத்தாவின் பெயரோடு, தெருவில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரும் சேர்ந்தது: இஸ்மாயில் தமீம். முழுப்பேர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மறுவாரமே என் மகனுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஒரு பக்கம் முழுப்பெயரும் முகவரியும். மறுபக்கம் ஓர் எழுத்துகூட இல்லை. பதறிப்போனேன்.

"யாரு அனுப்புனது? என்ன சேதி?"

"சேதி ஒண்ணுமில்ல பாய். நான்தான் சிதம்பரத்துல போட்டேன். சரியா வந்து சேருதான்னு பாத்தேன்."

அதற்குப் பிறகு என் மகன் பெயருக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. நான் பதறாமல் கையில் எடுப்பது அந்த வெற்றுக் கார்டை மட்டும்தான்.